காந்தி தாத்தா ஸ்டாம்ப் 4 கோடி ரூபாய்! உங்க வீட்டு ஆல்பம் எவ்வளவு பெறும்?



"உங்க வீட்டுல இந்தப் பழைய ஸ்டாம்ப் இருக்கா? இருந்தா நீங்க கோடீஸ்வரர்!" இப்படி ஒரு ஃபார்வர்டு உங்க வாட்ஸ்அப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டைன்னு நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல வேலை பார்க்குற நண்பர்கள் இதைப் பத்தி நிறைய கேட்குறீங்க. கேள்வி பெரும்பாலும் மூணு வகைதான்.

ஒண்ணு, "தாத்தா ஆல்பம் ஒண்ணு பரண்ல கிடக்கு, அதுக்கு என்ன விலை கிடைக்கும்?"
ரெண்டு, "ஸ்டாம்ப் வாங்கி வச்சா தங்கம் மாதிரி ஏறுமா?"
மூணு, "ஒருத்தர் ஃபோன் பண்ணி 8 லட்சம் தர்றேன்னு சொல்றார், முதல்ல ₹2,500 கட்டச் சொல்றார். கட்டலாமா?"

மூணாவது கேள்விக்கு மட்டும் பதிலை இப்பவே சொல்லிடுறேன். கட்டாதீங்க. ஏன்னு கீழ விவரமா இருக்கு. மத்த ரெண்டுக்கும் பதில் சொல்லணும்னா, முதல்ல சில ஸ்டாம்ப்களோட கதை தெரியணும். கதையும் இருக்கு, கணக்கும் இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. அந்த 4 கோடி ரூபாய் ஸ்டாம்ப் எது?

1948 ஆகஸ்ட் 15. சுதந்திரம் கிடைச்சு சரியா ஒரு வருஷம். காந்தி இறந்து ஏழு மாசம்கூட ஆகல. அன்னிக்கு அஞ்சல் துறை காந்தி படம் போட்ட நாலு ஸ்டாம்ப் வெளியிட்டது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். 'பாபு'ங்கிற வார்த்தை இந்தியிலயும் உருதுலயும் அதுல இருக்கும். வாழ்நாள் முழுக்க சுதேசின்னு பேசின மனுஷரோட ஸ்டாம்ப் அச்சானது ஸ்விட்சர்லாந்துல, கூர்வாசியேங்கிற அச்சகத்துல.

அப்போ கவர்னர் ஜெனரலா இருந்தது நம்ம ராஜாஜி. 1948 ஜூன்ல பதவி ஏத்தவர். கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்காக இந்த வரிசையில 100 செட்டை மட்டும் தனியா எடுத்து, மேல 'சர்வீஸ்'னு கறுப்பு எழுத்துல அடிச்சாங்க. அரசாங்கக் கடிதத்துக்கான ஸ்டாம்ப்ங்கிறதுக்கு அடையாளம் அது.

ஒரே படம், ஒரே தாள், ஒரே அச்சகம். சர்வீஸ்னு அந்த ஒரு வார்த்தை இல்லாத 10 ரூபாய் ஸ்டாம்ப் இன்னிக்கும் சந்தையில தாராளமா கிடைக்கும். வார்த்தை இருக்கிற 10 ரூபாய் ஸ்டாம்ப், தனியார் கைகள்ல வெறும் 13 தான் இருக்கிறதா தெரியுது. அதுல நாலு ஸ்டாம்ப் பிரியாம ஒட்டியே இருக்கிற ஒரு துண்டை, 2017 ஏப்ரல்ல லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் 5 லட்சம் பவுண்டுக்கு ஒரு ஆஸ்திரேலிய சேகரிப்பாளருக்கு வித்தது. அப்போதைய மதிப்புல கிட்டத்தட்ட 4 கோடி ரூபாய். உங்களுக்கு வர்ற ஃபார்வர்டு எல்லாத்துக்கும் மூலம் இந்தச் செய்திதான். ஆனா 'சர்வீஸ்'ங்கிற வார்த்தையையும் 13ங்கிற எண்ணையும் விட்டுட்டு, 'காந்தி ஸ்டாம்ப் 4 கோடி'ன்னு மட்டும் சுத்துது.

விலையைத் தீர்மானிக்கிறது அந்த ஒரு வார்த்தைங்கிறதால, அதையே போலியா அடிக்கிற வேலையும் நடக்குது. சாதாரண 10 ரூபாய் காந்தி ஸ்டாம்ப்ல 'சர்வீஸ்'னு அடிச்சா முடிஞ்சுது. நிபுணர் சான்றிதழ் இல்லாம இந்த ஸ்டாம்பை யாராவது "அவசரமா விக்கிறேன்"னு காட்டினா, ஒரு கும்பிடு போட்டுட்டு கிளம்பிடுங்க.

2. பழசுன்னா அரிதா?

நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க. உலகத்தோட முதல் ஒட்டும் தபால்தலை இங்கிலாந்தோட 'பென்னி பிளாக்'. 1840 மே மாசம் வந்தது. 180 வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்போ கோடிக்கணக்குல விலை இருக்கணுமே? இல்ல. அச்சடிச்சது சுமார் 6.8 கோடி. அதுல நிறைய பிழைச்சும் இருக்கு. முத்திரை குத்தின, சுமாரான நிலையில இருக்கிற ஒரு பென்னி பிளாக்கை சில ஆயிரம் ரூபாய்க்கு இன்னிக்கும் வாங்கலாம்.

இதோட நம்ம ஊர்க் கதை ரெண்டைப் பாருங்க.

சிந்து டாக்: 1852 ஜூலை 1-ல, சிந்து மாகாணத்துல பார்ட்டில் ஃப்ரேர்ங்கிற அதிகாரி அரையணா ஸ்டாம்ப் கொண்டு வந்தார். ஆசியாவிலேயே முதல் தபால்தலை அதுதான். முதல்ல சிவப்பு அரக்குல வட்ட வில்லையா செஞ்சாங்க. அரக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். லேசா வளைஞ்சாலே நொறுங்கிடும். தபால் பையில போட்டா என்ன ஆகும்? அதனால வெள்ளைத் தாள், அப்புறம் நீலம்னு மாத்தினாங்க. 1854 அக்டோபர்ல இந்தியா முழுமைக்கும் ஒரே ஸ்டாம்ப் வந்ததும் இதை நிறுத்திட்டாங்க. சிவப்பு அரக்கு வில்லையில உடையாம மிஞ்சினது ரொம்பக் கொஞ்சம். அதான் அதுக்கு அவ்வளவு விலை.

தலைகீழ் ராணி: 1854-ல கல்கத்தாவுல சர்வே அலுவலகத்துல, கேப்டன் துய்லியர் மேற்பார்வையில நாலணா ஸ்டாம்ப் அச்சானது. சிவப்புச் சட்டம், நடுவுல நீல நிறத்துல விக்டோரியா ராணி தலை. ரெண்டு நிறம்னா தாளை ரெண்டு தடவை அச்சுல கொடுக்கணும். சில தாள் ரெண்டாவது தடவை திரும்பிப் போயிடுச்சு. ராணி தலைகீழா நிக்கிறாங்க! அது யார் கண்ணுலயும் படாம விற்பனைக்கும் போயிடுச்சு. இன்னிக்கு உலகத்துல தெரிஞ்சிருக்கிறது சில பத்து பிரதிகள்தான்.

நீங்க குவாலிட்டியில வேலை பார்க்குறவரா இருந்தா இந்த இடத்துல சிரிப்பு வரும். உங்க லைன்ல ரிஜெக்ட் ஆன பீஸ் கஸ்டமருக்குப் போனா மெமோ வரும். ஸ்டாம்ப் உலகத்துல இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டிப் போன ரிஜெக்ட் பீஸுக்குத்தான் மவுசு. காரணம், அது மறுபடி நடக்காது, எண்ணிக்கையும் கூடாது.

ஆக, ஒரு ஸ்டாம்போட விலையை முடிவு பண்றது இந்த நாலு விஷயம்:

- எத்தனை அச்சாச்சுங்கிறது இல்ல, எத்தனை மிச்சம் இருக்கு
- அதை வாங்க எத்தனை பேர் போட்டி போடுறாங்க
- நிலை: பசை, ஓரத்துப் பல், நிறம், கிழிசல்
- உண்மையானதுங்கிறதுக்கு ஆதாரம்

வயசு இந்தப் பட்டியல்லயே இல்லை, கவனிச்சீங்களா?

3. உலகத்தோட நம்பர் ஒன் ஸ்டாம்ப்: ஒரு ஆடிட்டர் கணக்கு

இப்போ ரெண்டாவது கேள்விக்கு வருவோம். ஸ்டாம்ப் நல்ல முதலீடா? இதுக்கு உலகத்துலயே விலை உயர்ந்த ஸ்டாம்பையே எடுத்துக் கணக்கு போடுவோம்.

பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மஜந்தா. தென் அமெரிக்காவுல இருக்கிற இன்னைய கயானா நாடு. மதராஸ் துறைமுகத்துல இருந்து நம்ம ஆட்களும் ஒப்பந்தக் கூலிகளா கப்பலேறிப் போன அதே ஊர். 1856-ல லண்டன்ல இருந்து வர வேண்டிய ஸ்டாம்ப் வரல. அதனால உள்ளூர் பத்திரிகை அச்சகத்துல தற்காலிகமா அடிச்சாங்க. யாரும் போலி அடிச்சிடக் கூடாதுன்னு தபால் ஊழியர்கள் ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து போட்டாங்க. ஒரு சென்ட் மதிப்புல இன்னிக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.

1873-ல அதைக் கண்டெடுத்தது 12 வயசுப் பையன், வெர்னான் வாகன். குடும்பத்துப் பழைய காகிதங்கள்ல கிடைச்சுது. 6 ஷில்லிங்குக்கு வித்துட்டான். அவனுக்குக் கிடைச்சது அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் பல கை மாறினது இது:

- 1980: ஏலத்துல 9.35 லட்சம் டாலர்
- 2014: சதபீஸ் ஏலத்துல 94.8 லட்சம் டாலர்
- 2021: அதே சதபீஸ் ஏலத்துல 83.07 லட்சம் டாலர்

ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. உலகத்தோட நம்பர் ஒன் ஸ்டாம்ப், ஏழு வருஷத்துல விலை இறங்கியிருக்கு.

இன்னும் ஒரு விஷயம் செய்தியில வராது. ஏல விலைங்கிறது வாங்குறவர் கட்டுற மொத்தத் தொகை. அதுல ஏல நிறுவனத்தோட கட்டணமும் சேர்ந்திருக்கும். 2021-ல சுத்தியல் விழுந்த விலை 70 லட்சம் டாலர்தான். மீதி 13.07 லட்சம் ஏலக்காரருக்கு. 2014-ல 94.8 லட்சம் கொடுத்து வாங்கினவர் கணக்குல பார்த்தா, 24.8 லட்சம் டாலர் போச்சு, அதாவது 26% நஷ்டம். அவர் ஷூ கம்பெனி நடத்தின பெரும் பணக்காரர், ஆசைக்காக வாங்கினார், நன்கொடைக்காக வித்தார். அவருக்கு வலிக்காது. உங்களுக்கும் எனக்கும் வலிக்கும்.

சரி, 1980-ல வாங்கி 2021 வரைக்கும் ஒரே ஆள் வச்சிருந்ததா எடுத்துப்போம். 41 வருஷம். 9.35 லட்சம் 70 லட்சம் ஆகுது. கூட்டு வளர்ச்சி டாலர்ல ஆண்டுக்கு சுமார் 5%. இதே காலத்துல டாலர் சுமார் 8 ரூபாய்ல இருந்து 73 ரூபாய்க்கு மேல போனதையும் நியாயமா சேர்த்துக்கணும். அப்படிச் சேர்த்தா ரூபாய்ல சுமார் 11%.

"11% நல்லாத்தானே இருக்கு?"ன்னு கேட்பீங்க. சென்செக்ஸோட அடிப்படை ஆண்டு 1978-79, அப்போ அது 100. 2021 ஜூன்ல 52,000-க்கு மேல. ஆண்டுக்கு சுமார் 16%, டிவிடெண்ட் தனி. ஸ்டாம்புக்கு டிவிடெண்ட் கிடையாது, வட்டி கிடையாது, வாடகை கிடையாது. லாக்கர் செலவும் இன்சூரன்ஸ் செலவும் மட்டும் உண்டு.

இது உலகத்துலயே ஜெயிச்ச ஸ்டாம்போட கணக்கு. ஜெயிக்காத லட்சக்கணக்கான ஸ்டாம்ப்களோட கணக்கை யாரும் செய்தியா போடுறதில்லை. பங்குச்சந்தையில இதை 'பிழைச்சவங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற தப்பு'ன்னு நம்ம சேனல்ல பல தடவை பேசியிருக்கோம். இங்கயும் அதேதான்.

4. நிலை: ஒரு விரல் ரேகைக்கு எவ்வளவு விலை?

1918 மே 14. அமெரிக்காவுல வாஷிங்டன் தபால் ஆபீஸ். வில்லியம் ரோபிங்கிறவர் புதுசா வந்த விமான ஸ்டாம்ப் 100 இருக்கிற ஒரு தாளை 24 டாலருக்கு வாங்கினார். பார்த்தா, எல்லாத்துலயும் விமானம் தலைகீழா பறக்குது! ஒரு வாரத்துக்குள்ள அந்தத் தாளை 15,000 டாலருக்கு வித்துட்டார். 'இன்வெர்டட் ஜென்னி'ன்னு பேர்.

அந்தத் தாளை அப்புறம் பிரிச்சு வித்தாங்க. 100-ல சிலது பசை போச்சு, சிலது மடிஞ்சு போச்சு, சிலது நிறம் மங்கிப் போச்சு. அதுல 49-ம் இடத்து ஸ்டாம்ப் மட்டும் வெளிச்சமே படாம இருட்டுல பத்திரமா இருந்தது. 2023 நவம்பர்ல அது 20 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதே தாள்ல பிறந்த, நிலை மோசமான மத்த ஸ்டாம்ப்கள் இதுல சின்னப் பங்கு விலைக்குத்தான் போயிருக்கு.

எண்ணூர், பொன்னேரி, பழவேற்காடுன்னு நம்ம பக்கம் உப்புக் காத்தும் ஈரமும் சேர்ந்தது. பரண்ல இருபது வருஷம் கிடந்த ஆல்பத்துல பசை ஒட்டிப்போய், பழுப்புப் புள்ளி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பேர் அரிதானதா இருந்தாலும் நிலை போச்சுன்னா விலையும் போச்சு.

5. ஸ்டாம்பை வச்சே ஒரு நாட்டை ஏமாத்தின கதை

ஈமு கோழி ஞாபகம் இருக்கா? "நீங்க குஞ்சு வாங்குங்க, நாங்களே வளர்ந்த கோழியைத் திரும்ப வாங்கிக்கிறோம், மாசாமாசம் பணம் உறுதி"ன்னு கொங்குப் பக்கம் ஓடின திட்டம். அதே மாதிரி ஸ்டாம்பை வச்சு ஸ்பெயின்ல ஓடியிருக்கு.

அஃபின்சா, ஃபோரம் ஃபிலாடெலிகோன்னு ரெண்டு கம்பெனி. "இந்த ஸ்டாம்ப் தொகுப்பை எங்ககிட்ட வாங்குங்க. குறிப்பிட்ட வருஷம் கழிச்சு நாங்களே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கிறோம்"னு ஒப்பந்தம். லாபம் உறுதி. பேங்க் வட்டியை விட அதிகம். ஸ்டாம்புக்கு விலை நிர்ணயம் பண்றதும் அவங்களே. பழைய ஆளுக்குக் கொடுத்த பணம் புது ஆள்கிட்ட வாங்கினது. 2006 மே மாசம் போலீஸ் ரெண்டு கம்பெனியிலயும் சோதனை போட்டது. 3 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களோட சேமிப்பு மாட்டிக்கிச்சு. நிறைய பேர் சாதாரண சம்பளக்காரங்க, பென்ஷன்காரங்க. கையில ஸ்டாம்ப் இருந்தது, ஆனா அதுக்குக் கம்பெனி சொன்ன விலை வெளியில கிடைக்கல.

அந்த வலி இன்னிக்கும் நமக்குப் பாடம். தேக்கு மரமோ, ஈமுவோ, தங்கக் காசோ, ஸ்டாம்ப்போ, பொருள் எதுவா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க:

1. லாபம் 'உறுதி'ன்னு சொல்றாங்களா?
2. விலையைச் சொல்றவரும் திரும்ப வாங்குறவரும் ஒரே ஆளா?
3. நாளைக்கே விக்கணும்னா அவங்களைத் தவிர வேற யாராவது அந்த விலைக்கு வாங்குவாங்களா?

முதல் ரெண்டுக்கு 'ஆமா', மூணாவதுக்கு 'இல்லை'ன்னு வந்தா ஓடிடுங்க. கூட வேலை செய்றவர் சேர்ந்திருக்கார், சூப்பர்வைசர் சேர்ந்திருக்கார்ங்கிறது ஆதாரம் இல்ல. நம்ம ஷாப் ஃப்ளோர்ல இந்த மாதிரித் திட்டம் பரவுறதே அப்படித்தான்.

6. "8 லட்சம் தர்றோம்"னு வர்ற ஃபோன்

இது நடக்கிற விதம் எப்பவும் ஒண்ணுதான். பேஸ்புக்லயோ யூடியூப்லயோ "பழைய நோட்டு, நாணயம், ஸ்டாம்ப் வாங்கப்படும்"னு விளம்பரம். நீங்க போட்டோ அனுப்புறீங்க. அஞ்சு நிமிஷத்துல பதில்: "சார், உங்களோடது ரொம்ப அரிது, 8 லட்சம்." அப்புறம் பதிவுக் கட்டணம் ₹999. அடுத்து ஜி.எஸ்.டி. ₹4,500. அடுத்து ரிசர்வ் வங்கி அனுமதி ₹12,000. ஒவ்வொரு தடவையும் "இதுதான் சார் கடைசி."

இந்த வகை மோசடியைப் பத்தி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை விட்டிருக்கு. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விக்கிற வேலையில நாங்க இல்ல, அதுக்குக் கட்டணமோ கமிஷனோ கேட்கிறதும் இல்ல, எங்க பேர்ல வசூலிக்க யாருக்கும் அதிகாரமும் கொடுக்கலன்னு சொல்லிட்டாங்க. ஸ்டாம்ப்ல ரிசர்வ் வங்கிக்கு எந்த வேலையும் கிடையாது.

ஒரே விதி ஞாபகம் வச்சுக்கோங்க. விக்கிறவர் பணம் வாங்கணும், பணம் கட்டக் கூடாது. ஏற்கெனவே கட்டிட்டீங்களா? வெட்கப்படாதீங்க, நேரத்தையும் கடத்தாதீங்க. உடனே 1930-க்கு ஃபோன் பண்ணுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள சொன்னா முடக்க வாய்ப்பு இருக்கு. கூடவே உங்க பேங்குக்கும் சொல்லுங்க.

7. நிஜமாவே தாத்தா ஆல்பம் இருந்தா?

இருக்கிறவங்க இந்த வரிசையில போங்க:

- கையால தொடாதீங்க. ஸ்டாம்ப் டாங்ஸ்னு கிடைக்கும், சின்ன இடுக்கி மாதிரி. செல்லோ டேப், கம், தண்ணி எதுவும் வேண்டாம்.
- கவர்ல இருந்து ஸ்டாம்பைப் பிய்க்காதீங்க. பர்மா, மலாயா, சிலோன்ல இருந்து உறவுக்காரங்க போட்ட பழைய கடிதம் நிறைய தமிழ் வீடுகள்ல இருக்கும். ஸ்டாம்பை விட முத்திரை, தேதி, சென்சார் குறியோட இருக்கிற முழு கவருக்கு மதிப்பு அதிகமா இருக்கலாம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சிருந்த 1942-45 காலத்துக் கடிதம்னா தனியா எடுத்து வைங்க.
- மேல அடிச்ச எழுத்தைப் பாருங்க. 'சர்வீஸ்' மாதிரி கூடுதல் அச்சு, தலைகீழ் படம், விட்டுப்போன நிறம், பல் இல்லாத ஓரம்.
- சமஸ்தான ஸ்டாம்பைத் தனியா பிரிங்க. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம். 1888-ல இருந்து வந்த சங்கு போட்ட அஞ்சல் ஸ்டாம்ப் அந்தப் பக்கத்து வீடுகள்ல இருக்கும். பெரும்பாலானது சாதாரண விலைதான், அச்சுப் பிழை இருந்தா கதை வேற.
- கேட்லாக் விலையை நம்பி வீடு கட்டாதீங்க. அது நல்ல நிலையில இருக்கிற பிரதிக்கு டீலர் விக்கிற விலை. உங்ககிட்ட வாங்குற விலை அதை விட ரொம்பக் குறைவா இருக்கும்.
- ஆளைப் பாருங்க, ஆப்பைப் பார்க்காதீங்க. சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்துல தபால்தலை சேகரிப்பு மையம் இருக்கு. 1956-ல தொடங்கின தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கமும் சென்னையில இருக்கு. அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் ரெண்டு மூணு பேர்கிட்ட காட்டுங்க. ஆல்பத்தை விட்டுட்டு வராதீங்க, போட்டோ எடுத்து வைங்க.

நேர்மையா ஒண்ணு சொல்லிடுறேன். 1970-க்கு அப்புறம் வந்த இந்திய நினைவு ஸ்டாம்ப்கள் பெரும்பாலும் லட்சக்கணக்குல அச்சானவை. பத்துல ஒன்பது ஆல்பத்துக்குச் சில நூறு, சில ஆயிரம் ரூபாய்தான் தேறும். ஆனா அதே ஆல்பத்துல தாத்தா கையெழுத்து இருக்கும், எந்த வருஷம் எங்க வேலை பார்த்தார்னு தெரியும். அதுக்கு விலை போட என் படிப்பு உதவாது.

8. வித்தா வரி உண்டா?

இதுதான் என் ஏரியா, கொஞ்சம் கவனமா படிங்க.

- தாத்தா, அப்பா வழியா வந்ததுன்னா, வாங்கும்போது உங்களுக்கு வரி இல்லை.
- விக்கும்போது லாபம் வந்தா அது மூலதன ஆதாயம். "சொந்த உபயோகப் பொருளுக்கு வரி இல்லையே"ன்னு சிலர் கேட்பாங்க. அப்படி ஒரு விலக்கு சட்டத்துல இருக்கு. நகை, ஓவியம், தொல்பொருள் சேகரிப்பு, கலைப்பொருளுக்கு அந்த விலக்கு கிடையாது. ஸ்டாம்ப் பேர் அந்தப் பட்டியல்ல தனியா இல்ல. ஆனா லாபத்துக்காக வாங்கி லாக்கர்ல வச்ச பொருளை 'சொந்த உபயோகம்'னு நிரூபிக்கிறது கஷ்டம். பெரிய தொகைன்னா வரி உண்டுன்னு வச்சுத் திட்டமிடுறதுதான் பாதுகாப்பு.
- தாத்தா வச்சிருந்த காலமும் உங்க கணக்குல சேரும். 24 மாசத்துக்கு மேலன்னா நீண்டகாலம். 2024 ஜூலை 23-ல இருந்து வரி 12.5%, இண்டெக்சேஷன் இல்லை. 24 மாசமோ அதுக்குக் குறைவோன்னா உங்க ஸ்லாப் விகிதம்.
- 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கினதுன்னா, அன்னைய சந்தை மதிப்பை வாங்கின விலையா எடுத்துக்கலாம். அதுக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கி வைங்க.

உதாரணம்: ₹1,50,000-க்கு வித்தீங்க. 2001-ல மதிப்பு ₹30,000. லாபம் ₹1,20,000. வரி ₹15,000, செஸ் 4% சேர்த்து ₹15,600.

"எனக்கு 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையே?"ன்னு நினைக்காதீங்க. புதிய வரி முறையில அந்தத் தள்ளுபடி இந்த மாதிரி தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது. அந்தத் தள்ளுபடியால சம்பளத்துக்கு வரி பூஜ்யமா ஆனாலும் இந்த ₹15,600 கட்டணும். இதைத் தெரியாம விட்டு நோட்டீஸ் வாங்கினவங்க உண்டு.

அடிக்கடி வாங்கி வித்துட்டே இருந்தா அது ஆதாயம் இல்ல, தொழில் வருமானம். கணக்கே வேற.

9. அப்போ ஸ்டாம்ப் வாங்கலாமா, வேண்டாமா?

தாராளமா வாங்குங்க. முதலீடா வேண்டாம், ஆசைக்கு வாங்குங்க. மாசம் ₹25,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு நான் சொல்ற வரிசை இது:

1. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி. கான்ட்ராக்ட் வேலைன்னா ஒன்பது மாசம்.
2. குடும்பம் உங்களை நம்பி இருந்தா டேர்ம் இன்சூரன்ஸ். இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டினதும் சொந்தமா ஹெல்த் இன்சூரன்ஸ்.
3. வேலை மாறும்போது பி.எஃப்.பை எடுத்துச் செலவு பண்ணாம மாத்திக்கிறது. 2024-25-க்கு அதோட வட்டி 8.25%. ஒரு சென்ட் மஜந்தாவுக்குக்கூட யாரும் அப்படி வட்டி அறிவிக்கல.
4. அதுக்கப்புறம் இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்.ஐ.பி.
5. இதெல்லாம் போக மிஞ்சினதுல ₹200, ₹300. இது ஸ்டாம்புக்கு. திரும்பி வரலன்னாலும் வருத்தப்படாத பணம்.

அஞ்சல் துறையிலயே சேகரிப்பாளர் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. குறைந்தபட்சம் ₹200 கட்டித் தொடங்கினா, புது ஸ்டாம்ப் வரும்போது முகமதிப்புக்கே கிடைக்கும். யார்கிட்டயும் ஏமாற வேண்டியதில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை மொபைலை வச்சுட்டு பிள்ளைகளோட உட்கார்ந்து, இது யாரு, இது எந்த ஊருன்னு பேச ஒரு காரணம் கிடைக்கும். அந்த ₹200-க்கு அதுவே நல்ல வருமானம்.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே செய்யுங்க. வீட்டுல அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி மொபைலுக்கு '8 லட்சம் தர்றோம்' விளம்பரம் வந்திருக்கான்னு கேளுங்க. வந்திருந்தா, ஆறாவது பகுதியை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. கோடி ரூபாய் ஸ்டாம்ப் நம்ம வீட்டுல இருக்கிறதுக்கான வாய்ப்பு கொஞ்சம்தான். ஆனா அந்த ஃபோன் நம்ம வீட்டுக்கு வர்றதுக்கான வாய்ப்பு ரொம்ப அதிகம்.